நூற்றிருபது தாள்களும் ஓர் ஆசிரியரும்: கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெரிய வகுப்புகளுக்குப் பாடம் நடத்தும் கல்லூரி ஆசிரியர்களுக்கு,

ஒரு வகுப்பு எப்போது பெரிய வகுப்பாகிறது என்பதை இருக்கைகளை எண்ணிச் சொல்லிவிட முடியாது. மாணவர் எழுதிக் கொடுத்ததை ஆசிரியர் படித்து, பிழையைச் சுட்டி, அடுத்த பாடம் தொடங்குமுன் திருப்பித் தர இயலாமல் போகும் இடத்தில் அது பெரிய வகுப்பாகிறது. 120 பேர் கொண்ட வகுப்பில் தாளுக்கு 5 நிமிடம் என்றால் 600 நிமிடம், அதாவது 10 மணி நேரம். அதே ஆசிரியருக்கு இதே அளவில் இன்னும் இரண்டு பிரிவுகள் இருந்தால், ஒரேயொரு அசைன்மென்ட்டைத் திருத்த 30 மணி நேரம் வேண்டும். தமிழ்நாட்டின் கலை, அறிவியல் கல்லூரிகளில் பல துறை மாணவர்களைச் சேர்த்து உட்காரவைத்து நடத்தும் பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கில வகுப்புகளும், துணைப்பாட வகுப்புகளும், பொறியியல் கல்லூரிகளின் முதலாண்டுக் கணக்கு வகுப்புகளும் இந்த வகையைச் சேர்ந்தவை.

இத்தகைய வகுப்பில் ஆசிரியரின் குரல் கடைசி வரிசைக்கு எட்ட ஓர் ஒலிபெருக்கி போதும். மாணவரின் குரல் திரும்பி வருவதுதான் நின்றுபோகிறது. அதனால் நேரும் இழப்புகள் மூன்று. முதலாவது, சந்தேகம் கேட்பது முன் இரண்டு வரிசைகளோடு முடிந்துவிடுகிறது. இரண்டாவது, எழுத்துவேலைக்கு மதிப்பெண் கிடைக்கிறது, மறுமொழி கிடைப்பதில்லை. தாளின் மேல் ஒரு சரிக்குறியும் கையொப்பமும் இருக்கும், எந்த வரியில் பிசகியது என்பது இருக்காது. மூன்றாவது, மெல்லப் பின்தங்கும் மாணவர் கண்ணில் படுவதில்லை; முதல் அகமதிப்பீட்டுத் தேர்வின் பட்டியல் கைக்கு வரும்போது பருவத்தில் பாதி ஓடியிருக்கும். இணையவழிப் பாடக் கருவிகளை எடைபோட இந்த மூன்றும் போதுமான அளவுகோல். இவற்றில் ஒன்றையாவது மீட்டுத் தரும் கருவி வகுப்புக்கு உதவும். எதையும் மீட்டுத் தராதது வெறும் கோப்பு அலமாரி.

இக்கருவிகளின் வரலாறு இணையத்தைவிட மூத்தது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960இல் டொனால்ட் பிட்சர் தொடங்கிய பிளேட்டோ அமைப்பு, கணினித் திரையில் பாடத்தைக் காட்டி, வினாக் கேட்டு, விடை சரியா தவறா என்று அப்போதே சொன்னது. இணையம் பரவிய பின், 1990களின் நடுவில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மர்ரே கோல்ட்பெர்க் வெப்சிடி என்ற பாடத்தளத்தை உருவாக்கினார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியாமாஸ் எழுதிய மூடுல் 2002 ஆகஸ்டில் முதல் பதிப்பாக வந்தது. கட்டற்ற மென்பொருள் என்பதால் அதற்கு உரிமக் கட்டணம் கிடையாது. கல்லூரி தன் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். கூகுள் கிளாஸ்ரூம் 2014இல் வந்தது. தமிழ்நாட்டுக் கல்லூரி ஆசிரியர்கள் நன்கறிந்தவை பின்னிரண்டும்தாம்.

2011, 2012 ஆண்டுகளில் நடந்த ஒரு பெரிய சோதனை, பெரிய வகுப்பைப் பற்றி மறக்கக் கூடாத பாடம் ஒன்றைச் சொன்னது. ஸ்டான்ஃபோர்டின் செபாஸ்டியன் துரூனும் பீட்டர் நார்விகும் 2011இல் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். சுமார் 1,60,000 பேர் பதிந்தனர். மறு ஆண்டு எம்.ஐ.டி. நடத்திய மின்சுற்றுப் பாடத்தில் ஏறத்தாழ 1,55,000 பேர் பதிந்தனர். தேறியவர்கள் 7,157 பேர். தானாக விரும்பி வந்த உலகளாவிய கூட்டத்தில் அந்தத் தேர்ச்சியைக் குறை சொல்ல முடியாது. ஒரு கல்லூரியின் முதலாண்டு வகுப்பில் நூற்றுக்கு 5 பேர் தேறினால் அதை யாரும் வெற்றி என்று சொல்லமாட்டார்கள். கலிபோர்னியாவின் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகம் 2013இல் இத்தகைய பாடங்களைத் தன் மாணவர்களுக்கு மதிப்பெண்ணோடு நடத்திப் பார்த்தது. அடிப்படைக் கணக்கில் தேர்ச்சி மிகக் குறைந்ததால் அந்த ஆண்டிலேயே முயற்சி நிறுத்திவைக்கப்பட்டது. அதே பல்கலைக்கழகத்தின் தத்துவத் துறையினர், ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் சாண்டலின் நீதி பற்றிய பதிவுசெய்த பாடத்தைத் தங்கள் வகுப்பில் பயன்படுத்த மறுத்து, அவருக்கே திறந்த மடல் எழுதினார்கள். உரையைப் பெருக்குவதற்குச் செலவு குறைவு. உரையைக் கேட்டவரோடு பேசுவதற்கு ஆள் வேண்டும் என்பது அந்தச் சில ஆண்டுகளின் சாரம்.

இந்தியாவில் இந்தப் பாடம் வேறு வடிவில் நடைமுறைக்கு வந்தது. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல்., 2014 முதல் சான்றிதழ்ப் பாடங்களை நடத்துகிறது. பாடமும் வாராந்திர அசைன்மென்ட்டும் இணையத்தில் நடக்க, இறுதித் தேர்வு நேரடித் தேர்வு மையத்தில் நடக்கிறது. 2017 ஜூலையில் ஸ்வயம் தளம் தொடங்கப்பட்டது. ஸ்வயம் பாடங்களில் பெறும் கிரெடிட்டுகளைப் பட்டப்படிப்பில் 20 விழுக்காடு வரை ஏற்கலாம் என்று 2016இல் சொன்ன பல்கலைக்கழக மானியக் குழு, 2021இல் அந்த வரம்பை 40 ஆக்கியது. ஆகவே நல்ல உரை, நல்ல காணொலி ஆகியவற்றுக்கு இன்று பஞ்சமில்லை. கல்லூரி ஆசிரியர் அதே உரையை மறுபடி பதிவுசெய்து ஏற்றுவதால் மாணவருக்குப் புதிதாகச் சேர்வது கொஞ்சம். தன் வகுப்பின் 120 பேரில் யார் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதை என்.பி.டி.இ.எல். சொல்லாது. அது அந்த வகுப்பின் ஆசிரியரால் மட்டுமே அறியக்கூடியது. கருவிகளின் உண்மையான வேலையும் அங்கேதான்.

முதல் கருவி பாடப்பக்கம். பல பாடப்பக்கங்கள் அலகு 1, அலகு 2 என்று ஐந்து கோப்புறைகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு பிடிஎஃப்களோடு நிற்கின்றன. எதை முதலில் படிப்பது, எதைத் தேர்வுக்கு முந்தைய நாள் பார்த்தால் போதும் என்பது மாணவருக்குத் தெரிவதில்லை. வாரவாரியாக அடுக்கப்பட்ட பக்கம் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும். ஒரு வாரத்தின் கட்டத்தில் நான்கு செய்திகள் இருந்தால் போதும்: அந்த வாரத்தின் மையக் கேள்வி, படிக்க வேண்டிய பக்கங்கள், செய்ய வேண்டிய ஒரு சிறு வேலை, அதற்கான கெடு. எல்லா வாரங்களும் ஒரே அமைப்பில் இருந்தால், மூன்றாம் வாரத்துக்குப் பின் "சார், எங்க இருக்கு?" என்ற கேள்வி தானே குறையும். பெரிய வகுப்பில் அந்தக் கேள்வி மட்டுமே ஆசிரியரின் நேரத்தில் கணிசமான பங்கைத் தின்னும்.

இரண்டாவது காணொலி. எட்எக்ஸ் என்ற இணையப் பாடத்தளத்தில் பதிவான 69 இலட்சம் காணொலிப் பார்வைகளை ஆராய்ந்து ஃபிலிப் குவோவும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட முடிவின்படி, காணொலி எவ்வளவு நீளமானாலும் மாணவர் நிலைத்துப் பார்க்கும் நேரத்தின் இடைநிலை 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. ஒரு மணி நேர வகுப்பை அப்படியே பதிந்து ஏற்றுவதன் பயன் இதிலிருந்து விளங்கும். வகுப்பில் ஆண்டுதோறும் எந்த இடத்தில் மாணவர்கள் தடுமாறுகிறார்களோ அந்த இடத்துக்கு மட்டும் ஐந்தாறு நிமிடக் காணொலி போதும். ஒரு பருவத்துக்கு அப்படி எட்டோ பத்தோ அமையலாம். காகிதத்தில் கணக்கைப் போட்டுக்காட்டும் கையை செல்போனால் மேலிருந்து படம்பிடித்தாலே வேலை முடிந்தது; ஸ்டுடியோ தேவையில்லை.

மூன்றாவது, பெரிய வகுப்புக்கு மிகுதியும் பயன் தருவது, வாராந்திரச் சிறுவினா. மாணவர் விடையை அழுத்திய நொடியில் மறுமொழி கிடைப்பது 120 பேர் வகுப்பில் வேறு எந்த வழியாலும் இயலாத காரியம். சோதிப்பது மதிப்பிட மட்டும் அல்ல, நினைவில் நிறுத்தவும் உதவும் என்பதற்கு உளவியல் ஆய்வில் வலுவான சான்று உண்டு. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை இருமுறை படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 42 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். ஒருமுறை படித்து, ஒருமுறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். ஐந்தே நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தவர்களே முந்தினார்கள். தேர்வுக்கு முந்தைய இரவு மனப்பாடம் செய்யும் மாணவருக்கு அது பலித்ததுபோல் தோன்றுவதும், மறு பருவத்தில் ஒன்றும் நினைவில் நில்லாததும் இதோடு பொருந்துகின்றன.

சிறுவினாவின் தரம் தவறான விடைகளில் இருக்கிறது. நான்கு விடைகளில் மூன்று வெறும் நிரப்பலாக இருந்தால் அந்த வினா எதையும் கண்டுபிடிக்காது. ஒவ்வொரு தவறான விடையும் மாணவர்கள் உண்மையில் செய்யும் ஒரு பிழையிலிருந்து பிறக்க வேண்டும். பழைய விடைத்தாள் கட்டுகள் அதற்கு நல்ல சுரங்கம். தமிழ் இலக்கண வகுப்பில் "மரம் + கிளை" எப்படிப் புணரும் என்று கேட்டால் சரியான விடை "மரக்கிளை". "மரகிளை" என்பதைத் தேர்ந்தவருக்கு மகர மெய் கெடும் என்பது தெரிகிறது, வல்லினம் மிகும் என்பது தெரியவில்லை. "மரங்கிளை" என்பதைத் தேர்ந்தவர், மகரம் இன மெல்லெழுத்தாகத் திரியும் வேறொரு விதியை இங்கே கொண்டுவந்து பொருத்துகிறார். இருவருக்கும் தேவையான மறுமொழி வேறு வேறு. மூடுலில் ஒவ்வொரு தவறான விடைக்கும் தனித்தனி மறுமொழி எழுதிவைக்க இடம் உண்டு. கணக்கு வகுப்பிலும் அப்படியே. x², sin x ஆகியவற்றின் பெருக்கலை வகையிடச் சொன்னால், இரண்டையும் தனித்தனியே வகையிட்டுப் பெருக்கிய 2x cos x என்ற விடையைப் பலர் தருவார்கள். பெருக்கல் விதியை நினைவூட்டும் ஒரு வரி அங்கே காத்திருந்தால் போதும். இவ்வாறு ஒருமுறை எழுதிய வரி, பல ஆண்டு மாணவர்களுக்கு நள்ளிரவிலும் பதில் சொல்லும்.

வினாக்கள் போதிய எண்ணிக்கையில் இருந்தால் இன்னொரு பயனும் உண்டு. வினாவங்கியிலிருந்து மாணவருக்கு மாணவர் வேறு வேறு வினாக்களைத் தளமே எடுத்துக் கொடுக்கும். கணக்கு, இயற்பியல், கணக்கியல் பாடங்களில் ஒரே வினாவின் எண்களை ஆளுக்கு ஆள் மாற்றித் தரும் வசதியும் மூடுலில் உண்டு. ஆனால் ஓர் ஆசிரியர் தனியாக 300 வினா எழுதுவது கடினம். தமிழ்நாட்டின் இணைப்புக் கல்லூரி முறை இங்கே கைகொடுக்கும். தன்னாட்சி பெறாத இணைப்புக் கல்லூரிகளில், ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் பாடத்திட்டமும் ஒன்றே, இறுதித் தேர்வும் ஒன்றே. 20 ஆசிரியர்கள் ஆளுக்கு 15 வினா எழுதினால் 300 வினாக்கள் சேர்ந்துவிடும். ஒரு கல்லூரியில் செய்த வினாவங்கியை இன்னொரு கல்லூரியின் மூடுலுக்குக் கோப்பாக அனுப்பலாம்.

நான்காவது எழுத்துவேலை. கட்டுரையையும் நிரூபணத்தையும் ஆய்வக அறிக்கையையும் கணினி திருத்தித் தரும் என்று நம்பியிருக்க முடியாது. இங்கே ஆசிரியரின் நேரத்தைச் சிக்கனப்படுத்தும் வழிகள் மூன்று. ஒன்று, மதிப்பீட்டுக் கட்டத்தை முன்பே மாணவருக்குக் காட்டிவிடுவது: கருத்து, சான்று, ஒழுங்கு, மொழி ஆகிய ஒவ்வொன்றுக்கும் நிலை நிலையாக விளக்கம் எழுதிவைத்தால் திருத்தும்போது கட்டத்தைத் தொட்டாலே மதிப்பெண்ணும் காரணமும் பதிவாகும். இரண்டு, 120 தாள்களில் 15ஐ மட்டும் எடுத்து ஊன்றிப் படிப்பது. தாளுக்கு 8 நிமிடம் என்றாலும் 2 மணி நேரத்தில் முடிந்துவிடும். வகுப்பு முழுவதும் செய்யும் பொதுப்பிழைகளில் பெரும்பாலானவை அந்தப் பதினைந்திலேயே தலைகாட்டும். அவற்றை நான்கு நிமிடக் கேட்பொலியாக எல்லோருக்கும் சொல்லிவிடலாம். வாரத்துக்கு வாரம் வேறு 15 பேர் என்று சுழற்றினால் 8 வாரங்களில் ஒவ்வொரு மாணவரின் எழுத்தும் ஒருமுறையாவது ஆசிரியரின் கண்ணில் பட்டிருக்கும். மூன்று, மாணவர்கள் ஒருவர் தாளை ஒருவர் மதிப்பிடுவது. மூடுலின் பட்டறைப் பகுதி பெயர் மறைத்துத் தாள்களைப் பங்கிடும். நண்பனுக்கு முழு மதிப்பெண் போடும் பழக்கம் வரத்தான் செய்யும். அதனால் அந்த மதிப்பெண்ணைக் கணக்கில் கொள்ளாமல், பிறர் தாளை எவ்வளவு கவனமாகப் படித்துக் குறிப்பு எழுதினார் என்பதற்கு மதிப்பெண் தருவது நல்லது. பிறர் எழுத்தில் பிழை காணப் பழகியவர் தம் எழுத்தையும் அந்தக் கண்ணோடு படிப்பார்.

ஐந்தாவது கலந்துரையாடல் பகுதி. முன்வரிசைக்கு அப்பால் இருப்பவர் வாய் திறக்கும் இடம் இது. ஆனால் இதன் அளவு விரைவில் கைமீறும். ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் இணையவழி முதுகலைப் பாடம் ஒன்றில் 300 மாணவர்கள் ஒரு பருவத்தில் ஏறத்தாழ 10,000 செய்திகள் எழுதினார்கள். அந்தச் சுமையைக் குறைக்கவே பேராசிரியர் அசோக் கோயல் 2016இல் ஜில் வாட்சன் என்ற கணினி உதவியாளரை உருவாக்கினார். அத்தகைய வசதி இல்லாத வகுப்பில் இரண்டு ஒழுங்குகள் போதும். வாரத்துக்கு ஒரே இழை. அந்த வாரத்தின் எல்லாச் சந்தேகமும் அதற்குள். ஆசிரியர் முதல் நாள் பதில் சொல்லாமல் பொறுத்திருந்து, மறுநாள் மாணவர்களின் பதில்களைச் சரிபார்த்து முடித்துவைப்பது. முதல் பதிலே ஆசிரியரிடமிருந்து வந்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். மூடுலில் ஒருவர் தம் விடையைப் பதிந்த பின்பே பிறர் விடைகள் அவர் கண்ணுக்குத் தெரியும்படியும் அமைக்கலாம். முதலில் எழுதியவரை மற்றவர்கள் நகலெடுப்பதை அது தடுக்கும்.

பல கல்லூரிகளில் இந்த இடத்தை வாட்ஸ்அப் குழு பிடித்துக்கொண்டிருக்கிறது. அவசர அறிவிப்புக்கு அது வசதி. பாடச் சந்தேகத்துக்கு அது ஏற்றதல்ல; காலை வணக்கங்களுக்கும் சுற்றறிக்கைகளுக்கும் அடியில் கேள்வி மூழ்கிவிடும், அடுத்த ஆண்டு மாணவருக்கு எதுவும் மிஞ்சாது. 120 பேர் குழுவில் ஒவ்வொரு மாணவியின் கைப்பேசி எண்ணும் எல்லோருக்கும் தெரிவது அதைவிடப் பெரிய சிக்கல். பாடத்தளத்தில் பெயர் மட்டும் தெரியும், எண் தெரியாது. மதிப்பெண் பட்டியலைப் பதிவெண்ணோடு குழுவில் போடும் வழக்கத்துக்கும் இதே ஆட்சேபம் பொருந்தும். தளத்தில் ஒவ்வொருவரும் தம் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பார்கள்.

ஆறாவது, பதிவேடும் அறிக்கைகளும். மூன்றாம் வார முடிவில், அதுவரை நடந்த இரண்டு சிறுவினாக்களையும் தொடாதவர்கள் யார் என்று தளத்திடம் கேட்டால் சில நொடிகளில் பட்டியல் வரும். 120 பேரில் அது 12 பேராக இருக்கலாம். 12 பேரை அழைத்துப் பேசுவது எந்த ஆசிரியராலும் முடிந்த காரியம். இந்த அறிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. மாணவர் பக்கத்தைத் திறந்தார் என்பதைத்தான் அது சொல்லும், படித்தார் என்பதைச் சொல்லாது. தம்பியோடு ஒரே செல்போனைப் பகிர்பவரும், நண்பரின் போனில் பிடிஎஃப்பை வாங்கிப் படிப்பவரும் பட்டியலில் சோம்பேறியாகத் தெரிவார்கள். ஆகவே அந்தப் பட்டியல் விசாரிப்பதற்கு உரியது. வருகைப்பதிவைக் குறைப்பதற்கோ பெற்றோரை வரவழைப்பதற்கோ உரியதல்ல.

கருவிகள் வகுப்பறை நேரத்தையும் மாற்றும். ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் பெரிய வகுப்பிலேயே ஒரு முறையை நடைமுறைப்படுத்தினார். ஒரு கருத்து வினாவைக் கேட்டு, எல்லோரையும் விடை பதியச் செய்து, பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதிடவிட்டு, மீண்டும் பதியச் செய்தார். விடை பதிய இன்று செல்போன் போதும். நெட்வொர்க் இல்லாத அறையில் ஏ, பி, சி, டி என்று எழுதிய நான்கு அட்டைகளும் அதே வேலையைச் செய்யும். வகுப்பில் மாணவர்களைச் செயல்படவைக்கும் முறைகளைப் பற்றி 225 ஆய்வுகளைத் தொகுத்து ஸ்காட் ஃப்ரீமேன் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், உரை மட்டும் நடந்த வகுப்புகளின் சராசரித் தோல்வி 33.8 விழுக்காடு, மாணவர் பங்கெடுத்த வகுப்புகளில் 21.8. அறிவியல், பொறியியல், கணக்குப் பாடங்களின் கணக்கு இது. முந்தைய இரவு எழுதிய சிறுவினாவில் வகுப்பில் பாதிப்பேர் தவறிய வினாவையே மறுநாள் இந்த முறையில் எடுத்துக்கொண்டால், பாடம் தேவையான இடத்தில் தொடங்கும்.

நகலெடுப்பதைப் பற்றிய கவலை நியாயமானது. வீட்டில் எழுதும் வினாவுக்கு நண்பரும் கூகுளும் முன்பே உதவினார்கள்; 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பின் கட்டுரையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. எந்திரம் எழுதியதைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருள்கள் நேர்மையாக எழுதியவரையும் குற்றவாளியாக்கக்கூடும் என்பதால் அவற்றின் சொல்லை மட்டும் நம்பித் தண்டிப்பது ஆபத்து. வீட்டு வேலைக்கு மதிப்பெண்ணைக் குறைத்து, எண்ணிக்கையைக் கூட்டுவது உறுதியான வழி. என்.பி.டி.இ.எல். பாடங்களில் வாராந்திர வேலைக்கு 25 விழுக்காடும் நேரடித் தேர்வுக்கு 75 விழுக்காடும் என்ற பங்கீடு இந்த நோக்கத்துக்குப் பொருந்துவது. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்பும் பாடத்தை இணையத்தில் நடத்தி, தேர்வை மையங்களில் நேரில் நடத்துகிறது. ஐந்து மதிப்பெண் வேலையை நகலெடுத்தவருக்கு ஆதாயம் சிறிது. அதைத் தானே செய்தவருக்குத் தேர்வில் கிடைக்கும் பலன் பெரிது. கட்டுரை எழுதியவர்களில் வாரத்துக்குப் பத்துப் பேரை அழைத்து, அவர்கள் எழுதியதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொல்வதும் நல்ல காவல்.

மாணவரின் கையில் இருக்கும் கருவி எது என்பதை மறந்து அமைத்த பாடப்பக்கம் பாதிப்பேரை வெளியே நிறுத்தும். பெருந்தொற்றுக் காலத்தில் தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர்களுக்கு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி தரவு இலவசமாகத் தர முன்வந்தது. 9 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கான திட்டம் அது. இணைய வகுப்பு என்பது மாணவருக்குச் செலவு வைக்கும் ஏற்பாடு என்பதை அரசே ஒப்புக்கொண்ட செயலாக அதைக் கொள்ளலாம். ஒரு மணி நேரக் காணொலி சில நூறு எம்பி எடுக்கும். அதே பேச்சைக் குறைந்த பிட் அளவில் கேட்பொலியாக்கினால் 15 எம்பிக்குள் அடங்கும். மூடுல் செயலியில் பாடத்தை வைஃபை கிடைக்கும் இடத்தில் இறக்கி, பிறகு இணையமில்லாமல் படிக்கலாம். முதல் ஷிப்ட் முடிந்து மாலையில் கடையில் வேலை பார்க்கும் மாணவருக்கு இரவு 7 மணிக்குத் திறந்து 8 மணிக்கு மூடும் வினாத்தாள் அநியாயம். ஒரு வாரம் திறந்திருக்கும் வினாவில் அந்தச் சிக்கல் எழாது.

மொழியும் எழுத்துருவும் தனியே கவனிக்க வேண்டியவை. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய குறிப்புகள் பாடத்தளத்தில் ஏற்றியவுடன் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக மாறிவிடும். தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுவிட்டது, பழைய கோப்புகளை மாற்றித் தரும் கருவிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு சொல்லில் விடை எழுதும் வினாக்களில் இன்னொரு பொறி இருக்கிறது. "ஒளிச்சேர்க்கை" என்று சேர்த்து எழுதியவருக்கு மதிப்பெண் தரும் தளம், "ஒளிச் சேர்க்கை" என்று இடைவெளி விட்டவருக்குச் சுழியம் போடும். ஏற்கத்தக்க எல்லா வடிவங்களையும் முன்பே பதிய வேண்டும். இல்லையென்றால் தமிழ்வழி மாணவருக்கு இழைக்கும் அநீதி தானியங்கியாக நடக்கும். ஸ்கேன் செய்து பட வடிவில் ஏற்றிய பக்கங்களைப் பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பான் நேரடியாகப் படிக்க முடியாது. ஒருங்குறியில் தட்டிய பக்கத்தைப் படிக்கும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 கல்வி நிறுவனங்கள் மேல் வைத்திருக்கும் கடமையில் இதுவும் அடங்கும்.

இவ்வளவையும் செய்ய நேரம் எங்கே என்பது ஆசிரியர்களின் கேள்வி. அது சரியான கேள்வியும் கூட. முதல் பருவத்தில் வேலை கூடும் என்பதை மறைக்கத் தேவையில்லை. வினா எழுதுவதும் பக்கத்தை அடுக்குவதும் வகுப்பு நேரத்துக்கு மேல் வரும் உழைப்பு. இரண்டாம் பருவத்தில் பாடப்பக்கத்தை அப்படியே நகலெடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்பதால் சுமை இறங்கும். பணிநேரக் கணக்கில் இந்த உழைப்பைச் சேர்ப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. தொகுப்பூதியத்தில் இருக்கும் கௌரவ விரிவுரையாளரிடம் அதைக் கூலியில்லாமல் எதிர்பார்ப்பது முறையாகாது. துறைக்கு ஒரு தளம் என்று சிதறாமல் கல்லூரி முழுவதற்கும் ஒரே தளம், அதைப் பராமரிக்க ஒரு பொறுப்பாளர், மாணவர் சேர்க்கை முடிந்தவுடன் கணக்குகளைத் திறந்துதரும் ஒழுங்கு ஆகியவையும் நிர்வாகம் செய்ய வேண்டியவை. நாக் தர மதிப்பீட்டில் தகவல் தொழில்நுட்பக் கருவிகளின் பயன்பாட்டைப் பற்றிய கேள்வி இருப்பதால், ஏற்றிய கோப்புகளை எண்ணிக் காட்டும் ஆசை எழுவது இயல்பு. கோப்பின் எண்ணிக்கை ஆசிரியரின் உழைப்பைக் காட்டும். மாணவர் பெற்றதைக் காட்டாது.

தொடங்குபவருக்கு ஒரு பருவத்துக்கு இவ்வளவு போதும். முதல் வாரத்துக்குள் வாரவாரியான பாடப்பக்கம். இரண்டாம் வாரம் முதல் ஐந்து வினா கொண்ட வாராந்திரச் சிறுவினா, தவறான விடைகளுக்கு மறுமொழியோடு. மூன்றாம் வார இறுதியில் விடுபட்டவர்களின் பட்டியலும் அவர்களோடு பேச்சும். ஐந்தாம் வாரத்தில் ஒரே ஒரு எழுத்துவேலை, மதிப்பீட்டுக் கட்டத்தோடு. காணொலி, கலந்துரையாடல், பட்டறை ஆகியவை அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் தொடங்கும் வகுப்பில் அகமதிப்பீட்டுத் தேர்வு நெருங்கும்போது எல்லாம் ஒன்றாக நின்றுபோகும்.

பருவ முடிவில் கணக்குப் பார்க்க வேண்டியது ஒன்றே: தாம் எழுதிய ஏதோ ஒன்றுக்கு, அது எந்த வரியில் தவறியது என்று சொல்லும் மறுமொழியை, அந்த வாரத்துக்குள் எத்தனை மாணவர்கள் பெற்றார்கள்? போன பருவத்தில் அது 20 பேராக இருந்து இந்தப் பருவத்தில் 90 பேரானால் கருவி தன் வேலையைச் செய்திருக்கிறது. எண் நகரவில்லை என்றால், பாடப்பக்கத்தில் எத்தனை கோப்புகள் இருந்தாலும் அந்த வகுப்பு இன்னும் பெரிய வகுப்பாகவே இருக்கிறது.